ஒரே கறுப்பு, வேறு வேறு பிளாஸ்டிக்: சுங்கை சிப்புட்டில் ஒரு சாகாவின் பழைய சாயத்தை எடுத்த விவரம்

முன்பக்க கிரில்லைக் கெடுத்தது நாங்கள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற பாகங்கள் தப்பித்ததே அந்த ஒரு கிரில் போனதால்தான்.

காடி, அதாவது கார், 1989-இல் வாங்கிய புரோட்டோன் சாகா. எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கும் மாமாவுடையது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர் அவர். தோட்டம் செம்பனைக்கு மாறி ஆலையும் மூடிய பிறகு டவுனுக்குக் குடி வந்தார். காடியும் கூடவே வந்தது. 1985 ஜூலை 9-ஆம் தேதி வெளியான மலேசியாவின் முதல் தேசியக் காடி என்பதால் சாகாமீது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தனிப் பிரியம். மாமா அதை விற்க மாட்டார். பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. தகர வேலையை ஸ்ப்ரே கடைக்கு விட்டோம். பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றி எங்கள் வீட்டுப் போர்ச்சுக்குக் கொண்டு வந்தோம். நானும், பாலிடெக்னிக்கில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியும், மேற்பார்வைக்கு மாமாவும்.

கழற்றிய பாகங்கள்: முன் பம்பர், பின் பம்பர், கிரில், இரண்டு பக்கக் கண்ணாடியின் மூடிகள், பின் விளக்கின் லென்சுகள். இந்தக் காடியின் பம்பர் வாங்கும்போது வெறும் கறுப்பு. சாயமே கிடையாது, வார்த்த பிளாஸ்டிக்கின் நிறம் அது. மேலே தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு இருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கடையில் எல்லாவற்றையும் சில்வர் நிறமாக்கி இருக்கிறார்கள். அதன் பிறகு உரிந்த இடத்தில் எல்லாம் யாரோ ஸ்ப்ரே டின்னால் சிவப்பைத் தொட்டுத் தொட்டு அடித்திருக்கிறார்கள். வெயிலில் நின்று நின்று சில இடத்தில் அப்பளம் மாதிரி வெடித்திருந்தது, சில இடத்தில் கல்லாகப் பிடித்திருந்தது.

முதல் சனிக்கிழமை காலையில் முன் பம்பரில் ஆரம்பித்தோம். கடையில் கிடைக்கும், சாயத்தைக் கரைக்கும் சாதாரண என்.சி. தின்னரைத் துணியில் நனைத்து ஒரு மூலையில் தேய்த்தால், சில்வர் வழித்துக்கொண்டு வந்தது. அடியில் கறுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கிரில்லின் பின்பக்கமும் அதே கறுப்புதானே என்று தம்பியிடம் அதே துணியைக் கொடுத்தேன்.

அரை நிமிஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் துணி இழுபட ஆரம்பித்தது. எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் மாவு ஒட்டுகிற மாதிரி ஓர் இழுவை. தம்பி கையை எடுத்துப் பார்த்தால், துணியின் நூலிழைகள் கிரில்லின் பட்டையில் பதிந்து நிற்கின்றன, அவனுடைய கட்டை விரல் ரேகையும் சேர்ந்து.

"அண்ணே, காய்ஞ்சா சரியாயிடும்ல?"

சரியாகவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து மேல்பரப்பு கெட்டியானது, ஆனால் பளபளப்பு போய் சாம்பல் பூத்திருந்தது. கிரில்லை மாட்டும் கொக்கியைப் பொருத்திப் பார்க்கலாம் என்று மெல்ல அழுத்தியதும் வேரோடு முறிந்து கையில் வந்தது. இந்த வகைப் பிளாஸ்டிக் வழக்கமாக வளைந்து முறியும்போது ஓரம் வெளுக்கும். இது கண்ணாடி மாதிரி நேர்கோட்டில் உடைந்திருந்தது.

மாமா அந்தத் துண்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "ஆலையில மெட்ரோலாக் போட்டுப் பால் எவ்வளவு கெட்டின்னு பார்க்காம யாரும் ஆசிட் ஊத்த மாட்டோம் தம்பி. நீங்க பால் எதுன்னே பார்க்காம ஊத்திட்டீங்க" என்றார். அவர் திட்டவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிப் போனது.

மெட்ரோலாக் என்பது ரப்பர் பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மிதவைக் கருவி. அவர் சொன்னது அப்படியே பொருந்தும். ரப்பர் பாலில் அம்மோனியா கலந்தால் உறையாமல் நிற்கும். பார்மிக் அமிலம் கலந்தால் உறைந்துவிடும். நாங்களோ எது சாயத்தை எடுக்கும் என்று மட்டும் கேட்டோம். அடியில் இருப்பது என்ன என்பதல்லவா முதல் கேள்வி? கிரில் ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக். பம்பர் பாலிபுரொப்பிலீன், சுருக்கமாக பிபி. என்.சி. தின்னரில் டொலுவீன், அசிட்டோன், எஸ்டர் வகைகள் கலந்திருக்கும். ஏபிஎஸ்ஸை அவை கரைத்துவிடும், பிபியைச் சட்டென்று தொடாது. அதனால் பிபிக்குத் தின்னர் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பம்பர் பிபியில் அடி தாங்குவதற்காக ரப்பர் வகை ஒன்றையும் கலப்பார்கள். டொலுவீனில் ஊறினால் அது உப்பும். எங்கள் பம்பர் தாங்கியது நாங்கள் சீக்கிரம் நிறுத்தியதால்தான்.

அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு எல்லாப் பாகங்களையும் திருப்பிப் போட்டோம். புதிய காடிகளில் பாகத்தின் உள்பக்கம் இரண்டு கூர் அடைப்புக்குள் பிளாஸ்டிக்கின் பெயரே அச்சில் இருக்கும். இந்தக் காடியில் அப்படி எதுவும் இல்லை. அதனால் பாகத்துக்குப் பாகம் சோதித்தோம். இந்த வேலையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத விளிம்பிலிருந்து கத்தியால் நகத் துண்டு அளவுக்குச் சீவி எடுக்க வேண்டும். சாயம் ஒட்டியிருக்கக் கூடாது. ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, துண்டை உள்ளே அமுக்கி விட வேண்டும். சோப்பு விடாவிட்டால் துண்டில் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். பிபியின் அடர்த்தி 0.9 என்ற அளவில் இருப்பதால் மிதக்கும். ஏபிஎஸ் 1.05-ஐ ஒட்டி இருப்பதால் மூழ்கும். முன் பம்பர் துண்டு மிதந்தது. கிரில், கண்ணாடி மூடி இரண்டும் மூழ்கின.

பின் பம்பர் துண்டும் மூழ்கியது. மெதுவாக, யோசித்து யோசித்து இறங்குகிற மாதிரி.

இதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் பின் பம்பரை ஏபிஎஸ் என்று எழுதியிருப்போம். மாமாவிடம் கேட்டதில், ஒரு தடவை லோரி பின்னால் இடித்து அந்தப் பம்பரை மாற்றியது நினைவுக்கு வந்தது. மாற்றுப் பாகங்களில் விறைப்புக்காகப் பிபியோடு டால்க் பொடி கலப்பது உண்டு. ஐந்தில் ஒரு பங்கு டால்க் சேர்ந்தாலே அடர்த்தி 1-ஐத் தாண்டிவிடும், மிதக்காது. அதனால் இரண்டாவது சோதனை. மருந்துக் கடையில் வாங்கிய அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பின்பக்கத்தில் பத்து விநாடி தேய்த்தோம். கிரில்லில் பஞ்சு கறுத்து ஒட்டியது. பின் பம்பரில் பஞ்சு வெள்ளையாகவே வந்தது, பரப்பும் மாறவில்லை. ஆக, அதுவும் பிபி வகைதான். நெருப்பில் கொளுத்தி மோந்து பார்க்கும் சோதனை ஒன்றை ஆட்கள் சொல்வார்கள். அந்தப் புகையை மூக்குக்குள் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை.

முறிந்த கிரில் வீண் போகவில்லை. அதன் பட்டைகளை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றையும் வில்லாக வளைத்து மரக்கட்டையில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே இறுக்கி நிறுத்தினோம். வளைவின் முதுகில் ஒவ்வொரு திரவத்தையும் பஞ்சில் நனைத்து வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றினோம். ஏன் வளைக்க வேண்டும் என்றால், தளர்வாகக் கிடக்கும் பிளாஸ்டிக் தாங்குகிற திரவத்தை, இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக் தாங்காமல் வெடிக்கலாம். காடியில் கொக்கியும் திருகாணி போகும் காதும் எப்போதும் இழுவிசையில்தான் இருக்கின்றன. நாங்கள் முறித்த கொக்கியும் அப்படிப்பட்ட இடம்தான்.

தின்னர் வைத்த பட்டை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. பிரேக் ஆயில் வைத்த பட்டை மறுநாள் காலையில் முதுகில் மயிரிழை போல வெள்ளைக் கோடுகளைக் காட்டியது. சின்ன பொம்மைக் காடி கட்டுகிறவர்கள் ஏபிஎஸ்ஸில் சாயம் எடுக்க பிரேக் ஆயிலைச் சொல்வார்கள். மெதுவாகச் சாயத்தை எடுக்கவும் செய்யும். கொக்கி உள்ள பாகத்துக்கு இனி நான் அதைத் தொட மாட்டேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்த பட்டை இரவு முழுக்க இருந்தும் அப்படியே இருந்தது. கிரில்லுக்கு எது என்பது இப்படித்தான் முடிவானது.

ஹார்ட்வேர் கடையில் இரும்புக்கான பெயிண்ட் ரிமூவர் ஒன்றையும் காட்டினார்கள். டைக்குளோரோமீத்தேன் என்று லேபிளில் இருந்தால் பிளாஸ்டிக்கின் அருகே கொண்டுபோகாதீர்கள். ஏபிஎஸ், பாலிகார்பனேட், அக்ரிலிக் எல்லாவற்றையும் அது கரைக்கும். அதைவிடப் பெரிய விஷயம், ஆவியை மூச்சில் இழுத்தால் உடம்புக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. சாயம் எடுக்க அதைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்காவில் 2019-இலேயே தடை செய்துவிட்டார்கள். சாதாரண நைட்ரைல் கையுறையை அது சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும். ரப்பர் பால் எடுத்த ஊரில் பிறந்தவன் என்றாலும் சொல்கிறேன், மெல்லிய ரப்பர் கையுறை எந்தத் தின்னருக்கும் காவல் இல்லை. ஆல்கஹாலுக்கு நாங்கள் தடித்த நைட்ரைல் கையுறை போட்டோம்.

முன் பம்பரில் திரவமே அதிகம் தேவைப்படவில்லை. பிபியின் மேல் எந்தச் சாயமும் சுலபத்தில் ஒட்டாது. ஒட்டுவதற்கென்று தனிப் பிரைமர் அடிக்க வேண்டும். பழைய கடை அதைச் சரியாக அடிக்கவில்லை என்பது எங்களுக்கு அனுகூலமாகிவிட்டது. சாயத்தின் மேல் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தோம். கட்டங்கள் டேப்போடு வந்தன. இப்படி வந்தால் தேய்க்கவே கூடாது, உரிக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரைத் துணியில் நனைத்து ஐந்து நிமிஷம் போட்டு, ஓரம் மழுங்கிய பிளாஸ்டிக் சுரண்டியால் விளிம்பைக் கிளப்பினால், வெயிலில் காய்ந்த வாழைப்பட்டை மாதிரி நீளமாக உரிந்தது. ஹாட் கன் கையில் இருந்தும் எடுக்கவில்லை. அதன் காற்று சில நூறு டிகிரிக்குப் போகும், பிபி 165 டிகிரி வாக்கில் உருகும். உருகுவதற்கு முன்பே அந்தத் தோல் சொரசொரப்பு வழவழப்பாகிவிடும். போன சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை.

அதே காரணத்தால்தான் சேண்ட் பேப்பரையும் சொரசொரப்பு உள்ள முகத்தில் தொடவில்லை. பள்ளத்துக்குள் மாட்டிய சாயத்துக்கு, ஆல்கஹாலில் நனைத்த துணியை வைத்து, ஆவியாகாமல் இருக்கச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் மூடி இருபது நிமிஷம் விட்டு, நைலான் பிரஷால் வட்டமாகத் தேய்த்தோம். ஸ்ப்ரே டின் சிவப்பு கூழாகி வந்துவிட்டது. சில்வருக்கு மூன்று நாலு தடவை தேவைப்பட்டது.

சாயம் போன பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. இருபது வருஷம் சாயத்துக்கு அடியில் வெயில் படாமல் இருந்த இடம் நல்ல கருகருவென்று இருந்தது. சாயமே அடிக்காமல் விட்ட கீழ் உதடுதான் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. மாமா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "வாங்குன அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

பின் பம்பர் வேறு கதை. டேப் சோதனையில் ஒரு கட்டம்கூட வரவில்லை. மாற்றுப் பம்பரைப் பொருத்தியவர்கள் பிரைமர் போட்டு முறையாக அடித்திருக்கிறார்கள். அதன்மேல் இருந்தது ஹார்டனர் கலந்து கெட்டியாக்கும் நிறமற்ற மேல்பூச்சு, டூ-கே கிளியர் என்பார்கள். ஆல்கஹால் அதை அசைக்காது. அதோடு அந்தப் பம்பரின் மேல்முகம் வழவழப்பு, காப்பாற்றச் சொரசொரப்பும் கிடையாது. முழுதாக எடுப்பதா என்று அரை நாள் பேசினோம். உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சாயத்தை எடுப்பது அடியில் உள்ள பிளாஸ்டிக்கை வம்புக்கு இழுப்பது என்பது என் அபிப்பிராயம். வெடித்த இரண்டு இடத்தை மட்டும் 240 எண் சேண்ட் பேப்பரில் இறக்கி, சுற்றிலும் 400, 600 என்று தண்ணீர் ஊற்றித் தேய்த்து ஓரத்தைச் சரிவாக்கினோம். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் சூட்டில் பிபி நார் நாராக எழும்பும், அந்த நார் புதுச் சாயத்தின் மேல் முள்ளாகத் தெரியும். வெறும் பிளாஸ்டிக் தெரிந்த இடத்துக்கு மட்டும் பிபிக்கான பிரைமர் அடித்து, பிறகு கறுப்பு மேட் சாயம்.

இரண்டாவது கிரில்லை, பழைய காடிகளின் பாகங்களை விற்கும் பொட்டோங் கடையில் தேடிப் பிடித்தோம். அதிலும் யாரோ சில்வர் அடித்திருந்தார்கள். இந்தத் தடவை பின்பக்கக் காதில் ஒரு சொட்டு, பத்து நிமிஷம், விரலால் தொட்டுப் பார்த்தல், பிறகுதான் முன்பக்கம். ஆல்கஹால் துணியை முப்பது நிமிஷத்துக்கு மேல் எந்த இடத்திலும் விடவில்லை. பட்டைகளுக்கு நடுவே பிரஷ் போகாது. இரும்புச் சுரண்டி போட்டால் கோடு விழும். தம்பி வீட்டுக்குள் போய் சாத்தே குச்சி ஒரு கட்டு எடுத்து வந்தான். மூங்கில் முனையைப் பல்லால் கடித்து நாராக்கி, அதில் சுத்தமான துணி நுனியைச் சுற்றி, பட்டைக்குப் பட்டை உட்கார்ந்து எடுத்தான். மூன்று மாலை வேலை. சில்வருக்கு அடியில் மெல்லிய கறுப்புப் பூச்சு ஒன்று வந்தது. ஆல்கஹாலுக்கு அசையவில்லை, டேப்புக்கும் அசையவில்லை. அதுவே புதுச் சாயத்துக்கு அடித்தளமாக இருக்கட்டும் என்று விட்டோம்.

கண்ணாடி மூடிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாயம் உறுதி, தண்ணீரில் 320, 600, அவ்வளவுதான். பின் விளக்கு லென்சில் சில்வர் தூசி தெறித்திருந்தது. லென்சு அக்ரிலிக். அதற்கு ஆல்கஹாலும் ஆகாது, ஓரத்திலிருந்து சிலந்தி வலை போல வெடிப்பு விழும். சோப்புத் தண்ணீர், 2000 சேண்ட் பேப்பர், பாலிஷ். முடிந்தது.

பாதுகாப்பு என்று தனியாக எழுதுவதைவிட எங்கள் போர்ச்சில் நடந்ததையே சொல்கிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரியிலேயே நெருப்புப் பட்டால் தீப்பிடிக்கும். எங்கள் ஊரில் எந்த நேரமும் அதற்கு மேல்தான். ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். வாசலுக்கு உள்ளே சாமி மேடை, சாயங்காலம் அம்மா விளக்கேற்றுவார். முதல் வாரம் இதை நாங்கள் நினைக்கவே இல்லை. இரண்டாவது வாரம் அம்மா தீப்பெட்டியோடு வந்தபோது தம்பிதான் எழுந்து ஓடி, "அம்மா, கொஞ்சம் இருங்க" என்று நிறுத்தினான். அன்றிலிருந்து ஐந்து மணிக்கு டின்னை மூடி, துணிகளை எடுத்து, தரையைக் கழுவிய பிறகுதான் விளக்கு.

தண்ணீர் ஊற்றித் தேய்த்ததற்கு இன்னொரு காரணம் தூசி. பழைய சிவப்பு, மஞ்சள் சாயங்களில் ஈய குரோமேட் இருந்திருக்கலாம். அது பறந்தால் வீட்டுக் குழந்தைகளின் கைக்குத்தான் முதலில் போகும். என்95 முகக்கவசம் தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவிக்குக் கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். தேய்த்த கழிவுநீரை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், விடாமல் வாளியில் தெளிய வைத்து, அடியில் தங்கிய சேற்றைப் பழைய டின்னில் அடைத்தோம். ஆல்கஹால் துணிகளை மூடியுள்ள தகர டின்னில் போட்டோம். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் சாயக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 417 என்று தனி எண்ணே இருக்கிறது. தகர வேலை செய்த ஸ்ப்ரே கடை தன்னுடைய கழிவோடு எங்கள் டின்களையும் சேர்த்துக்கொண்டது.

எல்லாம் முடிந்து பாகங்களைச் சோப்பால் கழுவி, இரண்டு நாள் நிழலில் காய விட்டோம். ஏபிஎஸ்ஸுக்குள் போன ஆல்கஹால் முழுதாக வெளியேறுவதற்கு முன் சாயம் அடித்தால் கொப்புளம் வரும். மழை மாதம் என்பதால் நான் மூன்றாவது நாளும் பொறுத்தேன்.

முன் பம்பருக்குச் சாயம் அடிக்கவே இல்லை, சொந்தக் கறுப்பிலேயே போட்டோம். கிரில்லைப் பொருத்திய அன்று தம்பி கொக்கியை அழுத்தத் தயங்கினான். மாமாவே குனிந்து இரண்டு கட்டை விரலால் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. பம்பரின் இடது மூலையில், நம்பர் பிளேட்டுக்கு அடியில், சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் கடுகளவு சில்வர் புள்ளிகள் ஏழெட்டு இன்னும் இருக்கின்றன. ஐந்து தடவை முயன்றும் வரவில்லை. ஆறாவது தடவை பிரஷை எடுத்தபோது மாமா வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.